ஹிரகானா, கட்டகானா தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜப்பானியத்தில் ஒலியை எழுதும் எழுத்து வகைகள் இரண்டு: பொதுவாக ஹிரகானா, பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களுக்குக் கட்டகானா. ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிப்பவர்கள் சில வாரங்களில் இவற்றில் எங்காவது முட்டிக்கொண்டு நிற்பார்கள். நின்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அட்டவணையை எடுத்து அ, இ, உ, எ, ஒ என்று முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குவது. அதைச் செய்யாதீர்கள். ஹிரகானாவில் 46, கட்டகானாவில் 46, ஆக 92 அடிப்படை எழுத்துகள். அதில் உங்கள் காலை வாருவது பெரும்பாலும் பத்துப் பதினைந்துதான் இருக்கும், மீதி எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டவை. வந்ததையே திரும்பத் திரும்ப எழுதினால் நோட்டு தீரும், அவ்வளவுதான். எங்கே இடறுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். கீழே அறிகுறி வாரியாக இருக்கிறது, உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். பக்கத்தில் எழுத்து அட்டவணை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் வடிவங்களைப் பற்றிச் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.

"வரிசையாகக் கேட்டால் சொல்கிறேன், நடுவிலிருந்து ஒன்றைக் காட்டினால் முழிக்கிறேன்"

தமிழ் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும். காரணம் அட்டவணையின் வரிசை: உயிர் ஐந்து, அப்புறம் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹகரம் இருக்கிற இடத்தில் பகரத்தை வைத்துப் பாருங்கள், நம் க ச த ந ப ம ய ர வ அப்படியே வந்து நிற்கும். இது தற்செயல் இல்லை. புத்த பிக்குகள் வழியாகப் போன சமஸ்கிருத ஒலியியலின் அடியொற்றித்தான் அந்த வரிசை அமைந்தது, அந்த ஹகரமும் பழங்காலத்தில் பகரமாக ஒலித்ததுதான். அதனால்தான் இன்றைக்கும் ஹ வரிசை எழுத்தின் தலையில் குட்டி வட்டம் போட்டால் ப ஆகிவிடுகிறது.

ஆக வரிசை நமக்கு ஓசியில் கிடைத்துவிடுகிறது. தொல்லையும் அதுதான். எழுத்தைப் பார்த்து அடையாளம் காணாமல், 'க, கி, கு, கெ... ஆங், இது கெ' என்று மனசுக்குள் ஓட்டித்தான் கண்டுபிடிப்பீர்கள். இன்னொன்று, தமிழில் க, கி, கு எல்லாவற்றிலும் ககரத்தின் உருவம் தெரியும். ஜப்பானியத்தில் ஒரே வரிசையின் ஐந்து எழுத்துக்கும் உருவத்தில் சம்பந்தமே கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வழி: அட்டவணையை மூடிவிட்டுத் தனித்தனி அட்டைகளாகக் கலைத்துப் போட்டுப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் அங்கி (Anki) மாதிரி ஒரு செயலியில் எழுத்துத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவே கலைத்துப் போட்டுக் கேட்கும். ஒரு எழுத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் யோசிக்க வேண்டியிருந்தால் அது இன்னும் வரவில்லை என்று கணக்கு. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மறுநாள் அந்தக் குவியலோடு தொடங்குங்கள்.

"ஹிரகானாவில் சில ஜோடிகள் கலந்துவிடுகின்றன"

இதில் கடைசி ஒரு சுழியில்தான் விஷயம் இருக்கிறது. 'நு', 'மெ' இரண்டும் ஒரே உடம்பு, முடிவில் வலது கீழ்ப்பக்கம் குட்டிச் சுழி இருந்தால் 'நு', சுழிக்காமல் நின்றால் 'மெ'. 'ரு', 'ரொ' இரண்டும் 3 மாதிரி இருக்கும், சுழியோடு முடிந்தால் 'ரு'. 'நெ', 'ரெ', 'வ' மூன்றுக்கும் இடப்பக்கத் தண்டு ஒன்றே. வலப்பக்கம் சுழித்தால் 'நெ', வெளியே இழுத்துவிட்டால் 'ரெ', உள்ளே வளைந்து நின்றுவிட்டால் 'வ'. 'ஸ', 'ச்சி' இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர்: 'ச்சி'யின் வயிறு வலப்பக்கம், 5 மாதிரி. 'ஹ', 'ஹொ' ஜோடியில் 'ஹொ'வுக்கு மேலே இன்னொரு படுக்கைக் கோடு உண்டு, நட்டுக்கோடு அதைத் தாண்டித் தலையை நீட்டாது.

இவற்றைத் தனித்தனியாக எழுதிப் பழகினால் பிரயோஜனம் இல்லை, ஜோடியாகத்தான் எழுத வேண்டும், அதுவும் சொல்லோடு. 'இநு' என்றால் நாய், 'அமெ' என்றால் மழை. 'நெகொ' பூனை, 'கொரெ' இது, 'வதஷி' நான். இந்த ஐந்து சொல்லை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"கட்டகானாவில் ஷி, ட்ஸு, ஸொ, ன் நான்கும் ஒன்றாகவே தெரிகின்றன"

உலகம் முழுக்க எல்லோரும் இதில்தான் அழுகிறார்கள். 'இது சிரிக்கிற முகம், இது பக்கவாட்டில் பார்க்கிற முகம்' என்று நினைவுக் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அவற்றை நான் நம்புவதில்லை, அவசரத்தில் எந்த முகம் எதுவென்று அதுவே மறந்துபோகும்.

கோடு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள், அது ஒன்று போதும். 'ஷி'யில் இரண்டு குட்டிக் கீற்றுகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, இடப்பக்க ஓரம் நேராக இருக்கும்படி விழும். நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். 'ட்ஸு'வில் கீற்றுகள் பக்கத்துப் பக்கத்தில், தலை நேராக இருக்கும்படி விழும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். அதே கணக்குத்தான் ஒற்றைக் கீற்று ஜோடிக்கும்: கோடு ஏறினால் 'ன்', இறங்கினால் 'ஸொ'.

இதை மனப்பாடம் செய்யாமல் கையோடு ஒட்டவைக்க ஒரு வழி உண்டு. ஹிரகானா 'ஷி'யை ஒருமுறை எழுதுங்கள்: மேலே தொடங்கி இடப்பக்கமாக இறங்கி, தூண்டில் முள் மாதிரி வளைந்து வலப்பக்கம் ஏறுகிறது. அந்தப் பாதையின் மேலேயே கட்டகானா 'ஷி'யின் மூன்று கோட்டையும் போட்டுப் பாருங்கள், கீற்றுகள் இறங்கும் பாதையிலும் நீளக் கோடு ஏறும் பாதையிலும் சரியாக உட்காரும். இரண்டும் ஒரே சீன எழுத்திலிருந்து பிறந்தவைதான். ஹிரகானா 'ட்ஸு' மேலே இடமிருந்து வலமாகப் போய் அப்புறம் கீழே வளைகிறது. கட்டகானா 'ட்ஸு'வின் கீற்றுகளும் மேலே வரிசையாக நின்று, கோடு வலப்பக்கத்திலிருந்து இறங்குகிறது. ஒரு பக்கம் இப்படி மேலே மேலே எழுதினால் கை பிடித்துக்கொள்ளும். பார்த்து மட்டும் படித்தால் வராது, இந்த நான்குக்கும் பேனா கட்டாயம்.

மற்ற கட்டகானாக் குழப்பங்கள் இவ்வளவு மோசமில்லை. 'ஃபு'வை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் குட்டைக் கோடு சேர்ந்தால் 'வ', அதற்கும் மேலே உச்சியில் ஒரு குத்து வந்தால் 'உ', 'ஃபு'வின் தலைக்கு மேலே தனியாகப் படுக்கைக் கோடு இருந்தால் 'ர'. 'ஸு', 'நு' ஜோடியில் கடைசிக் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் 'நு'.

"புத்தகத்தில் ஒரு மாதிரி, ஆசிரியர் எழுதுவது வேறு மாதிரி இருக்கிறது"

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, எழுத்துருவில்தான் வித்தியாசம். 'கி', 'ஸ', 'ரி' மூன்றும் அச்சில் பெரும்பாலும் கோடுகள் ஒட்டிக்கொண்டு வரும், கையெழுத்தில் பிரிந்து வரும். கையால் எழுதும் 'கி'க்கு நான்கு கோடு, அச்சைப் பார்த்து வரைந்தால் மூன்றாகிவிடும். 'ஸொ'வும் சிலர் கையில் ஒரே வீச்சு, சிலர் கையில் தலை தனி உடம்பு தனி, இரண்டும் சரிதான்.

பழகும்போது பள்ளிப் பாடநூல் பாணி எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஜப்பானிய எழுத்துருத் தொகுப்போடு யூடி டிஜிட்டல் கியோகஷோதை வருகிறது, கூகுள் எழுத்துருக்களில் கிளீ ஒன் இலவசம்.

"நான் சொல்வது ஜப்பானியர் காதில் வேறு ஏதோவாக விழுகிறது"

உச்சரிப்புப் பிரச்சினை என்று நினைப்பீர்கள், ஆனால் பெரும்பாலும் இதன் வேர் உங்கள் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஜப்பானிய எழுத்துக்கும் பக்கத்தில் தமிழில் ஒலியை எழுதி வைத்திருக்கிறீர்களா? (இந்தக் கட்டுரையில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், வேறு வழியில்லாமல்.) அங்கேதான் கெடுகிறது.

மேலே 'வதஷி' என்று எழுதினேன். தமிழ்க் கண் அதை 'அது', 'கதை' என்பதில் வருகிற மெலிந்த தகரமாகத்தான் படிக்கும். வரவேண்டியதோ 'தலை' என்று தொடங்கும்போது வருகிற வன்மையான தகரம். சரி, வன்மை வேண்டும் என்று ஒற்றுச் சேர்த்து 'வத்தஷி' என்று எழுதினால் அது இரட்டித்துவிடும், ஜப்பானியத்தில் இரட்டித்தால் சொல்லே மாறிப்போகலாம்: 'ஒதொ' என்றால் ஒலி, 'ஒத்தொ' என்றால் கணவன். ஆக, சொல்லின் நடுவே இரட்டிக்காத வல்லொலியை எழுதத் தமிழ் எழுத்தில் இடமே இல்லை. நமக்கு அது தேவைப்படவில்லை, அதனால் இல்லை.

இதைவிடப் பெரிய வம்பு மெல்லெழுத்துக்குப் பிறகு வருவது. 'நலமா' என்று கேட்க எல்லோரும் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கெங்கி' என்று வரும். தமிழ் வழக்கப்படி முதல் ககரம் வன்மை, 'ங்கி' என்பது 'சங்கிலி'யில் வருவது போல மெலிவு. ஜப்பானியத்தில் அப்படியே தலைகீழ்! முதல் எழுத்து மெலிந்து தொண்டை அதிர ஒலிக்க வேண்டும், பின்னால் வரும் 'கி' வன்மையாக. சாவி என்ற சொல்லும் ஒரு பழத்தின் பெயரும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'தான், ஜப்பானியத்தில் இரண்டாம் எழுத்தின் மேலே உள்ள இரட்டைக் கீற்று ஒன்றுதான் வித்தியாசம்.

வழி: தமிழ் ஒலிபெயர்ப்பை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள், ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் அதையும் சீக்கிரமே விட்டுவிடுங்கள். அப்புறம் க, ஸ, த, ஹ வரிசைகளுக்கு ஒரே விதி. எழுத்தின் மேலே இரட்டைக் கீற்று இல்லையென்றால் சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் வன்மை, இருந்தால் எந்த இடத்தில் வந்தாலும் மெலிவு. தமிழில் இடம் முடிவு செய்வதை அங்கே கீற்று முடிவு செய்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், கீற்று உள்ள எழுத்தில் மெய்யிலேயே அதிரத் தொடங்கும், இல்லாததில் உயிர் வரும்போதுதான் அதிரும். பதிவு செய்து கேட்பதைவிட இது வேகமாகத் திருத்தும்.

"சின்ன எழுத்துகள், ஒற்று, நெடில் எல்லாம் அளவு தப்புகிறது"

நல்ல செய்தி: குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி என்பது ஆங்கிலக்காரரைப் படுத்துகிற பாடு நம்மைப் படுத்தாது. சின்ன 'ட்ஸு' போட்டால் அடுத்த எழுத்து இரட்டிக்கிறது என்பதும் நமக்குப் புதிதில்லை.

தப்புவது மாத்திரைக் கணக்கில். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் சின்ன 'ட்ஸு'வும் 'ன்'னும் முழு ஒரு மாத்திரை. 'நிப்பொன்' என்பது நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று சம அளவில் நான்கு தட்டு. மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், தட்டு குறைந்தால் எழுதும்போதும் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவீர்கள்.

இதற்கு நேரெதிர் சின்ன 'ய', 'யு', 'யொ'. அவை முன்னெழுத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரை. 'பியொ'வில் 'யொ' பெரிதாக இருந்தால் இரண்டு தட்டு, அந்தச் சொல் அழகு நிலையம். சிறிதாக இருந்தால் ஒரே தட்டு, அது மருத்துவமனை. கையால் எழுதும்போது சின்ன எழுத்தைக் கட்டத்தின் கால்வாசிக்குள், கீழ் ஓரமாக அடக்குங்கள். 'கொஞ்சம் சின்னது' போதாது, பார்த்ததும் தெரிய வேண்டும்.

'தெஸு', 'மஸு' என்று எழுதியிருக்க 'தெஸ்', 'மஸ்' என்று கேட்கிறதே என்று குழம்புகிறவர்கள் நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உகரம் தேய்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது.

"கேட்டதை அப்படியே எழுதினால் தப்பு என்கிறார்கள்"

இரண்டு இடத்தில் இது நடக்கும். முதலாவது ஓகார நெடில். தோக்கியோவை 'தொ-உ-கியொ-உ' என்று எழுத வேண்டும், நீட்டலுக்கு 'உ'. எகர நெடிலுக்கு பெரும்பாலும் 'இ': ஆசிரியரைக் குறிக்கும் சொல் 'ஸென்ஸெ-இ'. ஆனால் ஒஸாகா, பெரியது, தூரம், பனிக்கட்டி மாதிரிச் சில சொற்களில் 'ஒ'வையே இரண்டு முறை எழுதுவார்கள், பழைய எழுத்து முறையில் அங்கே 'ஹொ' இருந்ததன் மிச்சம் அது. பட்டியல் சின்னதுதான், மனப்பாடம் செய்துவிடுங்கள். கட்டகானாவில் இந்தத் தலைவலியே இல்லை, ஒரு நீளக் கோடு இழுத்தால் நெடில். செங்குத்தாக எழுதும்போது அந்தக் கோடும் எழுந்து நிற்கும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு மாதிரி வரும் மூன்று இடைச்சொற்கள். 'ஹ' என்று எழுதி 'வ' என்றும், 'ஹெ' என்று எழுதி 'எ' என்றும் படிக்க வேண்டும், 'ஒ'வுக்கு வ வரிசையின் கடைசி எழுத்து. 1946-இல் எழுத்து முறையைப் பேச்சுக்கு நெருக்கமாக மாற்றியபோது இந்த மூன்றையும் பழையபடி விட்டுவிட்டார்கள். 'அம்மா' என்பதற்கு 'ஹஹ', அதோடு இந்த உருபு சேர்ந்தால் தாளில் 'ஹ' மூன்று முறை வரிசையாக நிற்கும், யாரோ சிரிக்கிற மாதிரி. படிப்பது 'ஹஹ வ'.

"கணினியில் தட்டினால் வேறு ஏதோ வருகிறது"

விண்டோஸில் 'கொன்னிச்சிவ' என்று வணக்கம் சொல்ல, ஆங்கில எழுத்தில் எழுதுகிறபடி இரண்டு 'என்' அடித்தால் நடுவில் 'நி' காணாமல் போய் 'இ' நிற்கும். இரண்டு 'என்' சேர்ந்து 'ன்' ஆகிவிடுகிறது, 'நி'க்கு எதுவும் மிச்சமில்லை. மூன்று 'என்' அடியுங்கள், கடைசியில் 'டபிள்யூ' வேண்டாம், 'எச்', 'ஏ'. புகை பிடிக்கக் கூடாது என்ற பலகைச் சொல்லை ஒற்றை 'என்' போட்டு அடித்தால் 'நினைவு' என்ற சொல்லாகிவிடும், அங்கே ஒற்றை 'என்' அடுத்த உயிரோடு ஒட்டி 'நெ' ஆகிவிடுகிறது.

சின்ன 'ட்ஸு'வுக்கு அடுத்த மெய்யை இரண்டு முறை தட்டினால் போதும், தனியாக வேண்டுமென்றால் முன்னால் 'எக்ஸ்' அல்லது 'எல்'. நீளக் கோட்டுக்குக் கழித்தல் குறி விசை. அடித்ததைக் கட்டகானாவாக்க எஃப்7, ஹிரகானாவுக்கு எஃப்6. கைப்பேசியில் பன்னிரண்டு கட்ட விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள், அது அ, க, ஸ, த, ந என்று நம் வரிசையிலேயே இருக்கிறது.

"ஹிரகானா ஓடுகிறது, கட்டகானா மட்டும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டுகிறேன்"

தொடக்கப் பாடநூல்களில் கட்டகானா அரிதாகத்தான் வரும், அதனால் பழக்கமே இல்லை, வேறொன்றும் இல்லை. ஜப்பானிய உணவகங்களின் விலைப்பட்டியலைத் தேடி எடுத்துப் படியுங்கள். கோஹீ, கரே என்று வாயால் சத்தமாகச் சொன்னால் பாதி தானாகப் புரியும். புரியாத மீதியை எழுத்தின் மேல் பழி போடாதீர்கள். ரொட்டிக்குப் போர்த்துகீசியச் சொல், பகுதிநேர வேலைக்கு ஜெர்மன் சொல் என்று பல ஊர்ச் சரக்கு அங்கே இருக்கிறது, அகராதிதான் வழி.

உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிப் பாருங்கள். முருகன் என்பதற்கு 'மு', 'ரு', கீற்றுப் போட்ட 'க', 'ன்' என்று நான்கே எழுத்து. செல்வம் என்றால் சிக்கல்: 'ன்' தவிர வேறு மெய் தனியாக நிற்காது, கடைசி 'ம்' 'மு' ஆகிவிடும். ர, ல, ள, ழ எல்லாம் ஒரே ரகரத்துக்குள் போய்விடும், தமிழே அங்கே 'தமிரு'தான்.

"எல்லா எழுத்தும் தெரியும், வாக்கியம் படிக்க மட்டும் முடியவில்லை"

ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. சீன எழுத்தான கஞ்சி கலந்து வரும்போது அதுவே சொல்லின் தொடக்கத்தைக் காட்டும், வெறும் ஹிரகானாவாக இருந்தால் ஜப்பானியர்களுக்கே திணறும். சிறுவர் புத்தகங்களில் இடைவெளி விட்டு அச்சிடுவார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். பென்சிலால் மேலே சொன்ன இடைச்சொற்களுக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்துக்கொண்டே படித்தால் வாக்கியம் துண்டு துண்டாகப் பிரிந்து தெரியும். சில பக்கங்களில் கோடு இல்லாமலே கண் வெட்ட ஆரம்பிக்கும். அப்போது கஞ்சியில் முதல் இருபதைத் தொடங்கிவிடலாம். கட்டகானாவில் ஒன்றிரண்டு இன்னும் ஆட்டம் காட்டினாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.